அரைக்கால் சுற்று

சலவை ஆலையின் கொதிகலன் அறையில் அவரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் நீராவி வால்வோடு குடித்தனம் நடத்தியவர். குளிர்ந்து கிடக்கும் குழாயில் நீராவியை மெல்ல மெல்ல விட வேண்டும். முதலில் அரைக்கால் சுற்று. குழாய் சூடேறிய பிறகு கால். அப்புறம்தான் அரை. அவசரப்பட்டால் உள்ளே தேங்கிய தண்ணீரை நீராவி அடித்துத் தள்ளி, குழாயின் இணைப்பையே பிய்த்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை காலை வால்வுச் சக்கரத்தைப் பிடித்தவர் அவர் மனைவியின் அண்ணன். ஐம்பது வயதில் வேலை போய் முடங்கிக் கிடந்தவரை, மேலாளரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சேர்த்துவிட்டவர் நிதானம். பத்து நாளாகத் துணிமூட்டை தூக்கிய மச்சான், வால்வில் அன்றுதான் கை வைத்தார்.

"மெதுவா, மச்சான். நான் சொல்ற அளவுதான்."

"திருப்புறதுல எனக்கே பாடமா, மாப்ளே? என் தங்கச்சி மனசையே உங்க பக்கம் திருப்பிவிட்டவன் நான்."

நிதானம் சிரித்துக்கொண்டே, தேங்கிய தண்ணீரை வடிக்கக் குழாயின் மறுகோடியில் குனிந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அரைக்கால்."

எட்டில் ஒரு பங்கு. காலில் பாதி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட மச்சானுக்கு அரை தெரியும், கால் தெரியும். இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டால் இரண்டையும்விடச் சின்ன அளவாகிவிடும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அரையும் காலும் முக்கால் என்று மனதுக்குள் கூட்டினார். அரைச் சுற்று திருப்பினார். பிறகு இன்னொரு கால்.

குழாய் இடி போல் அதிர்ந்தது. இணைப்பு பிளந்து, நீராவி நிதானத்தின் முகத்தில் நேராகப் பாய்ந்தது.

ஒன்பதாம் நாள் மேலாளர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இரண்டு கண்ணும் இனி இல்லை என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கட்டிலருகே மனைவி, வாசலில் மச்சான்.

"சக்கரம் முக்கால் சுத்து திறந்திருக்கு. நீங்க எவ்வளவு சொன்னீங்க? சொன்னதை மீறித் திருப்பியிருந்தா, இவர் மேல போலீசுக்கு எழுதணும்."

மனைவியின் கை நிதானத்தின் கையை இறுக்கியது. தாய் தகப்பன் இல்லாத அவளைத் தூக்கி வளர்த்தது அந்த அண்ணன்தான். உண்மையைச் சொன்னால், இந்தக் கட்டிலுக்கும் அந்த வாசலுக்கும் நடுவே அவள் கிழிந்துபோவாள்.

"முக்கால்னுதான் சொன்னேன், சார். வாய் தவறிடுச்சு."

மேலாளர் எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார். வாசலில் நிற்பவர் இப்போதாவது வாயைத் திறப்பார் என்று நிதானம் காத்திருந்தார். செருப்புச் சத்தம் மெல்ல விலகிப் போனது.

மனைவி பிடித்திருந்த கையை விட்டாள்.

"இத்தனை வருஷம் தவறாத வாய், எங்க அண்ணன் நின்ன அன்னைக்குத்தான் தவறணுமா? எப்படிக் கூனிக்குறுகிப் போறார், பாருங்க."

பாருங்க என்று சொல்லிவிட்டதை அவள் உணர ஒரு நொடி ஆனது. பிறகு அழத் தொடங்கினாள்.

அவள் குரல் வந்த பக்கம் நிதானம் முகத்தைத் திருப்பினார்.

"தப்பு என்னோடதுதாம்மா" என்றார்.