சூடம் அடித்த கை

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் சுடுவதில்லை. நிலக்ஷிக்கும் அன்று சுடவில்லை. ஆனால் அதற்குப் பின் இரண்டு வருடமாக அந்தக் கை எரிந்துகொண்டே இருந்தது.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவள் கொழுந்து பறிக்கிறாள். புருஷன் இறந்தபின் மகள் கிருஷாந்தியோடு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஓர் அறைக் காம்பராவில் குடியிருக்கிறாள். அடுத்த காம்பராவில் தங்கை தனுஷிகாவும் அவள் புருஷன் கஜேந்திரனும். நடுவே ஒரே சுவர். தங்கை வாங்கிய ஒவ்வோர் அடியும் அந்தச் சுவர் வழியாக இவள் நெஞ்சில் விழுந்தது.

நிலக்ஷி ஒருநாள் பொலிசுக்குக் கிளம்பினாள். தோட்டத் தலைவர் ஆண்டியப்பன் மறித்து, எல்லோரையும் மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். இனிக் கை நீட்டுவதில்லை என்று கஜேந்திரன் சூடம் அடித்தான். பொலிசு, கோர்ட்டு என்று போவதில்லை என்று இவளும் அடித்தாள். யார் மேல் ஆணை என்று பூசாரி கேட்க, யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "எம் மக மேல."

கஜேந்திரன் எட்டு மாதத்தில் சத்தியத்தை மீறினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளால் மட்டும் மீற முடியவில்லை.

இந்த மாசியில் அவன் விறகுக்கட்டையால் தங்கையின் தாடையை உடைத்தான். கதவு திறந்திருந்தது, நிலக்ஷி கண்ணால் கண்டாள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். பொலிசு அவனைப் பிடித்தது. இவளுக்குச் சாட்சிக் கட்டளை வந்தது. தனுஷிகா படியில் வழுக்கி விழுந்தாள் என்று அவன் பக்கத்தார் சொல்லப்போகிறார்கள், நீங்கள் பேசாவிட்டால் அவன் வீடு திரும்பிவிடுவான் என்று தங்கைக்காக வாதாடும் சட்டத்தரணி எச்சரித்தார்.

நிலக்ஷி தலைவரிடம் ஓடினாள். சத்தியத்தைத் திருப்பி எடுக்க ஒரு வழி கேட்டாள்.

"சாமி முன்னுக்குச் சொன்னதை மாத்த நான் யாரு? ஒரே மகளை வச்சிருக்க. பார்த்துக்க" என்றார் ஆண்டியப்பன்.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் கிருஷாந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். மகள் பாடப் புத்தகத்தை மூடினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாம்மா? என் உசுரை எடுத்து எப்படி அங்க வச்சீங்க?"

நிலக்ஷி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சித்தி வாயைக் கட்டி வச்சிருக்காங்க. உங்க வாய்க்கு என்ன?"

ஹட்டன் நீதிமன்றத்தில் கூண்டேறியபோது நிலக்ஷியின் கண்கள் நெருப்பைத் தேடின. சூடமில்லை, சாமியில்லை. மொழிபெயர்ப்பாளர் சொன்ன உறுதிமொழியைத் திருப்பிச் சொன்னாள். இங்கே பொய் சொன்னால் சிறை. உண்மையைச் சொன்னால் பிள்ளையின் உயிர். பெஞ்சில் கம்பி கட்டிய தாடையோடு தங்கை இவளையே பார்த்திருந்தாள். அந்தப் பார்வை ஒரு தாயின் நெஞ்சை எப்படியெல்லாம் பிளந்திருக்கும்!

"நான் பார்த்தேங்கய்யா. கட்டையாலதான் அடிச்சான்."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. தனுஷிகாவின் தாடை பொருந்தியது. கஞ்சி போய், இப்போது ரொட்டி மெல்லுகிறாள். பக்கத்துச் சுவர் அமைதியாக இருக்கிறது.

நிலக்ஷி மட்டும் கோயில் வாசலை மிதிப்பதில்லை. மகள் தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். போன வாரம் மழையில் பள்ளிக்கூட பஸ் முக்கால் மணி நேரம் பிந்தியது. கொழுந்துக் கூடையை மலையிலேயே போட்டுவிட்டு, அவள் ரோட்டுக்கு ஓடிவந்து நின்றாள். வளைவில் பஸ் தெரிந்து, நனைந்த சீருடையோடு கிருஷாந்தி இறங்கியபோது, அவள் தோளைப் பிடித்து உலுக்கி, ஏன் பிந்தினாய் என்று கத்தினாள்.

"டயர் வெடிச்சிருச்சும்மா" என்றாள் மகள். "வேற ஒன்னுமில்ல."

நிலக்ஷி தலையாட்டினாள். தோளை விடவில்லை.