யாராவது முந்தினால் ஆபரேஷன்

என் அக்கா முப்பது வருடம் உடற்பயிற்சி டீச்சர். ஓய்வு பெற்றபோது விசிலை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. பூங்காவில் காலை நடைக்குப் பதினொரு பேரைச் சேர்த்து, தானே தலைவியானாள். தையற்காரர், மருந்துக்கடைக்காரர், பேங்க் மேனேஜர் எல்லோருமே ஒரு காலத்தில் அவள் முன்னால் முட்டி போட்ட மாணவர்கள்.

இப்போது அவளுடைய முட்டிக்கு வந்தது கேடு. எக்ஸ்ரேயில் இரண்டும் தேய்ந்திருந்தன.

"முட்டிய எப்ப மாத்தணும்னு நீங்கதான் சொல்லணும். தினமும் செய்யறத செய்ய முடியலன்னா வாங்க. ரொம்பத் தள்ளிப் போட்டா தசையும் வலுவிழந்துடும்" என்றார் டாக்டர்.

அக்கா அதை உடனே சட்டமாக்கிக் குழுவிடம் அறிவித்தாள்.

"என்னிக்கு என்னை உங்கள்ல ஒருத்தர் முந்துறாரோ, அன்னிக்கு ஆபரேஷன்!"

அன்று முதல் யாரும் முந்தவில்லை. அவள் மெதுவானால் எல்லோரும் மெதுவானார்கள். அவள் நின்றால், செருப்பு போட்டு வந்த தையற்காரர்கூடக் குனிந்து லேஸ் கட்டினார். பத்து நிமிடச் சுற்று ஐம்பது நிமிடம் ஆனது. "ஊர்வலமா? அனுமதி வாங்கினீங்களா?" என்று வாட்ச்மேன் வந்து கேட்டார்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, ஒருத்தனாலயும் முடியல!"

நான் தண்ணீர் பாட்டிலோடு கடைசியில் வருகிறவள். வீட்டில் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதைப் பார்க்கிறவளும் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை, அவளைக் கடந்து நடந்தேன். பின்னால் பதினொரு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். விசில் அலறியது.

"ஏய், எங்கடி போற?"

"முந்திட்டேன்க்கா."

"செல்லாது! நீ குழுவுலயே இல்ல. பாட்டில் தூக்க வந்தவ."

"அப்ப குழுவுல இருக்கறவங்கள விடு."

தையற்காரர் மெல்லக் கை தூக்கினார். "டீச்சர், நான் போகலாமா?"

கை தூக்கிக் கேட்டவரை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. விசில் ஊதினாள். அவர் பாய்ந்தார். அடுத்த கை, அடுத்த விசில். பேங்க் மேனேஜர் விசிலுக்கு முன்பே கிளம்பியதால் திரும்ப வந்து வரிசையில் நின்றார்.

கடைசி ஆளும் போனபின் அக்கா பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வைதானா என்று நான் கேட்கவில்லை.

"டாக்டருக்குப் போன் போடு. பதினொரு பேர்னு சொல்லித் தொலைக்காத. ஒருத்தர்னு சொல்லு."

"யாருன்னு கேட்டா?"

"நல்லா ஓடற ஆளுன்னு சொல்லு."