மலிவாகக் கிடைத்த ஸ்டீரிங் லாக்

இன்று காலை செமிலிங் பாசார் கடை ஒன்றில் என் கணவர் அடித்துப் பேரம் பேசி, காருக்கு ஒரு சிவப்பு ஸ்டீரிங் லாக், கை நீள இரும்புத் தடி, வாங்கினார்.

மதியம் மாமியார் வீட்டுக்குப் போகையில், குருண் சாலை ஜாமில் ஒருவன் காரோடு குறுக்கே புகுந்தான். பிள்ளைகள் அலற அலற, இவர் லாக்கோடு இறங்கினார். அவனும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதுவும் சிவப்பு.

இவர் அவன் காரில் ஓங்கி அடித்தார். லாக் இரண்டாக உடைந்தது. அவன் தன் லாக்கால் இவர் தோளில் ஒன்று போட்டான். அது வளைந்தது. பிறகு கையால் குத்திக்கொண்டார்கள். இவருக்கு உதடு கிழிந்தது, அவனுக்கு மூக்கில் ரத்தம்.

மூச்சு வாங்க அவன் கேட்டான்: "அண்ணே, இத எங்க வாங்குனீங்க?"

"செமிலிங் பாசார்லடா!"

"நானும் அங்கதான்லா அண்ணே!"

இப்போது இரண்டு காரும் செமிலிங்குக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கின்றன.

கடைக்காரரே, இதைப் படித்தால் உடனே கடையைக் கட்டுங்கள். இந்தப் பக்கம் ஜாம் இல்லை.