கங்கா செருகிய வேப்பிலை

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் ஈஜோக் பக்க ரப்பர் தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்கு அரிசி கொடுத்தான் என்று கங்காவின் புருஷன் சன்னாசியை லோரியில் ஏற்றிப் போனார்கள். முதலில் பேரைக் கேட்டார்கள், பிறகு கைநாட்டு, பிறகு லோரி. ஆள் திரும்பவே இல்லை. அதனால் அம்மை குத்த ஒரு லோரி வந்து பிள்ளைகளின் பேரைக் கேட்டபோது, பிள்ளையையும் ஏற்றிப் போகத்தான் என்று கங்கா நினைத்தாள். அவளுக்கு மிஞ்சியிருந்தது மகள் நவமணி ஒருத்திதான்.

பாவி, என்ன செய்தாள் தெரியுமா? வேப்பங்கொத்தை ஒடித்து வாசலில் செருகினாள். ஆத்தா வந்த வீட்டுக்குள் எவன் கால் வைப்பான்! நன்றாக இருந்த பிள்ளையைப் பாயில் கிடத்தி, மஞ்சள் துணியைப் போர்த்தி, "மூச்சு விடாத" என்றாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் காப்ரியல் வேதக்காரர். நாட்டில் ஒரு பிள்ளைகூட விடுபடக் கூடாது, ஒன்று விட்டாலும் அம்மை அங்கே வந்து குந்திக்கொள்ளும் என்று வீடுவீடாகத் தொண்டை வறளச் சொன்னவர். வேப்பிலையைக் கண்டதும் அவரும் வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா எனக்குச் சொல்லல?"

"பயந்துட்டேங்கய்யா. முத்து எறங்கிடுச்சி. நாளைக்குத் தண்ணி ஊத்தப்போறேன்."

"வந்துபோனவளுக்குக் குத்த வேணாம்" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மற்ற பிள்ளைகள் கை வீங்கி அழுதபோது கங்கா தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டாள். ஆத்தா பேரில் பொய் சொல்லலாமா, நீங்களே சொல்லுங்கள்!

மழைக்காலத்தில் பெரியம்மை வந்தது. குத்திய பிள்ளைகளை அது தொடவில்லை. நவமணியின் முகத்தில் விரல் வைக்க இடமில்லை, அத்தனை முத்து. பிள்ளை கேட்டாள்: "அம்மா, இப்பவும் மூச்சு விடாம இருக்கணுமா?"

அடக்கம் முடிந்து காப்ரியல் வந்தார். "ஒருதரம் வந்தவளுக்கு மறுபடி எப்பிடிம்மா வந்துச்சி?"

கங்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் உள்ள வந்து பாத்திருக்கணும்" என்று அழுதார்.

"ஆத்தா எடுத்துக்கிட்டா" என்று லயமே தேற்றியது. கூப்பிட்டது யார் என்று கங்காவுக்கல்லவா தெரியும்! பாயை விரித்தால் மூச்சுச் சத்தம் கேட்கும். காதைக் கொடுத்தால் நின்றுவிடும். பிறகு அவள், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவானாள். அம்மை குத்த வரும்போதெல்லாம் பிள்ளைகளை மடியில் வைத்துக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது அவள்தான்.

புதிதாக வந்த ஒருத்தி பிள்ளையைத் தர மறுத்தாள். "குத்தலைன்னா என்னக்கா ஆயிடும்?"

"ஒண்ணும் ஆவாதுடி" என்றாள் கங்கா. "வீடு சத்தமில்லாம இருக்கும். வேணும்னா எங்க வீட்டுல வந்து ஒரு ராத்திரி படுத்துப் பாரு."