மூடியில் ஒரு ஓட்டை

போன வெள்ளிக்கிழமை, வாங்கி இரண்டு கிழமைகூட ஆகாத காரைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டேன்.

ஊரெல்லாம் ஜப்பான் கார் இறங்குகிற காலம். எனக்கோ ஐம்பதுகளில் வந்த இங்கிலீஷ் கார்மேல்தான் ஆசை! காரைதீவில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவரிடம் வாங்கி, மருதமுனைக்கு ஓட்டி வந்தேன். வழியில் ஒரு முனகல்கூட இல்லை.

மறுநாள் ஆரம்பித்தது. மூன்று மைல் ஓடும், இருமும், நிற்கும். பெற்றோல் மீட்டர் வேலை செய்யாது. டாங்கி மூடியைத் திறந்து ஈர்க்கு விட்டு அளந்தால், பாதிக்கு மேல் இருக்கும். மறுபடி ஸ்டார்ட் செய்தால்... ஓடும்! இது என்ன கூத்து?

கராஜ்கார பாஸ் பிளக்கை மாற்றினார். கார்பரேட்டரைக் கழுவினார். பம்ப்பைக் கழற்றிப் பூட்டினார்.

"எல்லாம் நல்லாத்தான் இரிக்கி. பெற்றோல்தான் வருதில்ல," என்றார்.

ஏன் வரவில்லை? அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது — மாஸ்டர் என்னை ஏமாற்றிவிட்டார்! கல்முனை பஸாரில் கண்டவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன். அவர் காதுக்கும் போய்விட்டது. "வெள்ளிக்கிழமை காரக் கொண்டு வரச் சொல்லுங்க. நான் எடுக்கிறன். அதுக்குப் பிறகு அவரோட எனக்குக் கதையில்ல" என்று ஆள் அனுப்பினார்.

ஜும்ஆ தொழுகை முடிந்து கிளம்பினேன். மனைவியும் ஏறிக்கொண்டாள். சாய்ந்தமருதில் கார் நின்றது. வழக்கம்போல் ஈர்க்கை எடுத்தேன்.

"இஞ்ச பாருங்க, இந்த முறை மூடியத் துறக்காம ஸ்டார்ட் பண்ணுங்க."

"ஏன்?"

"ஒவ்வொரு தரமும் துறந்த பிறகுதானே ஓடுது? துறக்காட்டி என்ன செய்யுதெண்டு பாப்பமே."

பத்து நிமிஷம் முயன்றேன். ம்ஹும். மூடியைத் திறந்தேன் — உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கார் உடனே ஸ்டார்ட் ஆனது.

"டாங்கிக்குள்ள காத்துப் போக வழியே இல்லையா? காத்துப் போகாட்டி பெற்றோல் எப்படி வெளிய வரும்?" என்றாள்.

வழி இருந்தது. மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை. வாங்கிய மறுநாள் காரைக் கழுவும்போது கண்டேன். கடற்கரைக் காற்றில் மணல் போய்விடுமே என்று சவர்க்காரத்தை வைத்து அழகாக அடைத்தது... நான்தான்!

வாசலில் நின்ற மாஸ்டர் சாவிக்குக் கை நீட்டினார். நான் மூடியைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்படி ஒரு வெட்கம் எனக்கு முன்பு வந்ததில்லை.

அவர் ஒரு ஊசியால் சவர்க்காரத்தைக் குத்தி எடுத்தார். ஊதிப் பார்த்தார். மூடியைத் திருப்பித் தந்தார்.

"கார் உங்கடதான், கொண்டு போங்க. ஆனா தம்பி, பஸாரில சொன்னத என்ன செய்யப் போறீங்க?"

நியாயமான கேள்வி. யார் யாரிடம் சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

நல்லவேளை — அவர்கள் எல்லாரும் பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள்.