கல்லுக்கோழி

எங்கள் பண்ணையில் கிழட்டுக் கோழிக்குக் ‘கல்லு’ என்று பெயர். முட்டை குறைந்து, லாரியில் ஏற்றி அனுப்பும் வயது வந்துவிட்டால் அது கல்லு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கறி லேசில் வேகாது, அதனால்தான் அந்தப் பெயர் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஊசி போட வந்த டாக்டர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், அது ‘கல்’ (cull) என்கிற இங்கிலீஷ் வார்த்தையாம், கழித்துக்கட்டுவது என்று அர்த்தமாம். எந்த மொழியில் சொன்னால் என்ன, கழுத்துக்கு வருகிற கத்தி ஒன்றுதான்.

பண்ணை செய்யூருக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்புகளைத் தாண்டி இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் அங்கேயே ஓர் அறையில் தங்கி வேலை செய்கிறோம். அவர் தீவனம் போடுவார், நான் முட்டை பொறுக்குவேன். ஷெட்டுக்குள் கம்பிக் கூண்டுகள் படிக்கட்டு மாதிரி மூன்று அடுக்காக நீண்டு போகும். பெட்டிக்கு நான்கு கோழி. ஒன்று திரும்ப நினைத்தால் மற்ற மூன்றும் ஒதுங்க வேண்டும். காலுக்கடியில் தரை கிடையாது, சரிவான கம்பிதான். முட்டை விழுந்த உடனே உருண்டு முன்பக்கம் வந்துவிடும், இட்டவள் அதைத் திரும்பிப் பார்ப்பதற்குள் என் கைக்கு வந்துவிடும். கம்பி இடுக்கில் தலையை நீட்டினால் முன்னால் தீவனத் தொட்டி. அவ்வளவுதான் அவற்றின் உலகம். உள்ளே போன கோழி, கல்லான அன்றைக்குத்தான் வெளியே வரும்.

எனக்குக் கோழிகள் மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது. வானம் மூட்டம் போட்ட நாளில் அந்த நாற்றத்தில் நின்று பார்த்தவர்களுக்குப் பாசம் வராது. ஆனால் ஓர் ஆசை மட்டும் விடாமல் இருந்தது. இவை ஒரு நாளாவது மண்ணில் நடப்பதைப் பார்த்துவிட வேண்டும். சொன்னால் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

போன முறை கல்லு ஏற்ற வேண்டிய சமயத்தில், வழக்கமாக வரும் லாரிக்காரர் வீட்டில் கல்யாணம். முதலாளி வேறு வண்டி பார்க்கச் சொன்னார். வீட்டுக்காரர் யாரிடமோ நம்பர் வாங்கிப் போன் போட்டு, “காலைல வந்துடு, கல்லு ஏத்தணும்” என்று சொல்லிவிட்டார். லாரி வருகிறது என்றால் முந்தின மாலையோடு தீவனத்தை நிறுத்திவிடுவது பண்ணை வழக்கம். வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும். முதலாளி தீவன அறையைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார்.

காலையில் வந்த லாரியில் கோழிக் கூடை ஒன்றுகூட இல்லை. சங்கிலியும் தடித்தடியான கட்டைகளும் கிடந்தன. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளுக்குக் கருங்கல் ஏற்றிப்போகிற வண்டி அது.

“கல்லு எங்க கீது அண்ணாத்த?” என்று டிரைவர் இறங்கினார்.

வீட்டுக்காரர் ஷெட்டைக் காட்டினார்.

“இன்னாய்யா, வெள்ளாடுறியா? கல்லுன்னு சொல்லி வரவச்சிட்டு கோழிய காட்டிகினு கீற! காலங்காத்தால பேஜாரு பண்றியே!”

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த வருஷம் நான் அப்படிச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

முதலாளிக்குப் போன் போட்டோம். திட்டித் தீர்த்துவிட்டு, சரியான வண்டி நாளைக்குத்தான் கிடைக்கும் என்றார். “தீவனம், மொதலாளி?” என்று கேட்டேன்.

“நாளிக்கு வெட்டப்போற கோழிக்கு இன்னாத்துக்கும்மா தீனி? தண்ணி வுடு, போதும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கூடவே ஒன்று தோன்றியது. ஒரு வார்த்தை மாறிப்போனதில் இவற்றுக்கு ஒரு நாள் அதிகமாகக் கிடைத்திருக்கிறது. நான் ஆசைப்பட்ட நாள் இதுதான், இதை விட்டால் இல்லை.

“கடைசி வரிசைல நாலு பொட்டிய தொறந்து வுடப்போறேன்” என்றேன்.

“இன்னாத்துக்கு?”

“நடக்கட்டும்.”

“கால் கீல் ஒடிஞ்சா வண்டிக்காரன் எடுக்க மாட்டான், பாத்துக்க” என்றார் வீட்டுக்காரர். தடுக்கவில்லை.

ஷெட்டுக்குக் கிழக்கே நல்ல மணல் இருக்கிறது. பெட்டிகளின் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. திறந்த கதவை விட்டுவிட்டு, பழைய இடுக்கிலேயே தலையை நீட்டிக் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றன. கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் மணலில் விட்டேன்.

உட்கார்ந்துவிட்டன. ஒன்று எழுந்து இரண்டடி வைத்தது, கால் மடங்கி மார்பு மேல் விழுந்தது. இன்னொன்று சிறகை விரித்தது, விரித்ததை மடக்கத் தெரியாமல் அப்படியே கிடந்தது. கடல் காற்று வீசியதும் எல்லாமாகச் சேர்ந்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டன. சுற்றிலும் அவ்வளவு இடம் இருக்க, ஒரு பெட்டி அளவுக்குள் ஒடுங்கிக்கொண்டன.

பசிதான் காரணம் என்று நினைத்து, அறையிலிருந்து ரேஷன் அரிசியை எடுத்துவந்து முன்னால் இறைத்தேன். நாட்டுக்கோழியாக இருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் தீர்த்திருக்கும். இவை குனியக்கூட இல்லை. “தின்னுங்கடி!” என்று கத்தினேன். வெயில் ஏற ஏற வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோழிக்காக அழுகிறவளைப் பார்த்து யாராவது சிரிப்பார்களே என்றுகூட நினைக்கவில்லை.

“போதும், உள்ள போடு. இங்கியே செத்துடும்” என்றார் வீட்டுக்காரர்.

நானே தூக்கி உள்ளே போட்டேன். கம்பி காலில் பட்டதும் எழுந்து நின்றன. இடுக்கில் தலையை நீட்டின. மணலில் கிடந்த அரிசியை வாரி, தூசி போக ஊதி, தொட்டியில் கொட்டினேன். தின்றன. அந்தச் சத்தம் கேட்டு வரிசை முழுக்கத் தலைகள் வெளியே நீண்டன, பிறகு அடுத்த வரிசையில், பிறகு ஷெட் முழுக்க. என்னிடம் அரிசி அவ்வளவுதான் இருந்தது.

மறுநாள் சரியான லாரி வந்தது.

போன வாரம் புதுக் கோழிகளை இறக்கினார்கள். தரையில் வளர்ந்து வந்தவை, கையில் பிடித்தால் திமிறின. பெட்டிக்குள் விடும்போது ஒன்று நழுவிக் கீழே விழுந்து, வாசலைத் தாண்டி மணலில் ஓடியது. நேராகச் சவுக்குத் தோப்பைப் பார்த்து ஓடியது. அந்தக் கிழடுகளும் வந்த அன்றைக்கு இப்படித்தான் ஓடியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“புடி, புடி!” என்று முதலாளி கத்தினார்.

துரத்திக்கொண்டு ஓடி, தோப்போரம் பிடித்துவிட்டேன். கொண்டுவந்து உள்ளே தள்ளி, கதவைச் சாத்தினேன்.