என்ன போட்டீங்க?

காரைப் பார்ப்பதற்கு முன்னால் பெயிண்டர் கண்ணை மூடிக்கொள்வார். புறங்கையைக் கதவின்மேல் மெதுவாக ஓட்டுவார். உள்ளங்கை காய்த்துப்போய்விட்டது, அதற்கு ஒன்றும் தெரியாதாம். உதடு மட்டும் அசையும். பிரார்த்தனைதான். அது முடிந்த பிறகுதான் வந்தவரை நிமிர்ந்து பார்ப்பார்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “வீட்ல என்ன வைத்தியம் பண்ணீங்க?”

“ஒண்ணுமே பண்ணலையே அண்ணே” என்பார்கள். அவர் அவசரப்பட மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பற்பசை, மெழுகு, சமையல் எண்ணெய் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். எண்ணெய்ப் பசை துளி தங்கினாலும் புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் குழி விழுந்துவிடும். “என்ன போட்டாங்கன்னு தெரிஞ்சா போதும். யாரு போட்டாங்கன்னு பெயிண்ட் கேக்காது” என்பார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஆண்டவனுக்குப் பயந்த மனிதர்.

அன்றைக்கு ஒரு சிவப்புக் கார் வந்தது. கதவில் கையகலத்துக்கு நிறம் செத்துக் கிடந்தது.

“கேட்ல நான்தான் உரசிட்டேன் போல. சின்னக் கோடுதான் அண்ணே. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால லேசா...” என்று புருஷன்காரர் தலையைச் சொறிந்தார்.

“லேசாவா? வீட்ல ஒரு தட்டைத் தேய்ச்சதில்ல. காரைத் தேய்ச்சிருக்காரு பாருங்க” என்றாள் மனைவி.

“நாலு நாளா இதே பாட்டுதான் அண்ணே.”

“நாப்பது நாளைக்கும் பாடுவேன்.”

போன் வந்து புருஷன்காரர் வாசல் பக்கம் போனார். பெயிண்டர் துணியில் பெயிண்டைக் கரைக்கும் தின்னரைத் தொட்டு, கைப்பிடிக்குக் கீழே நார் எட்டாமல் விட்டிருந்த சின்னப் பள்ளத்தைத் துடைத்தார். துணி சிவந்தது. கம்பெனிப் பெயிண்ட் இவ்வளவு சுலபத்தில் இளகாதே! வெளிச்சத்தில் பிடித்தார். பொடிப் பொடியாக மினுங்கியது. இந்தக் காரின் சிவப்பில் மினுக்கே கிடையாது. நிமிர்ந்தால், அதே மினுக்கு அந்த அம்மாவின் நகங்களில். அவள் சட்டென்று விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“நெயில் பாலிஷ் மட்டும்தானா தங்கச்சி? வேற எதுவும் இல்லையே?”

“அது மட்டும்தான் அண்ணே.” குரல் இறங்கிவிட்டது. “நான்தான் தூண்ல இடிச்சேன். பூசி மறைச்சிட்டேன். அவரு தன்னாலதான்னு நெனச்சு மன்னிப்புக்கூடக் கேட்டுட்டாரு. அப்புறம் எப்படிச் சொல்றது? வாய் வேற நீண்டுபோச்சு. சொல்லிடாதீங்க அண்ணே.”

அதற்குள் புருஷன்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே வந்துவிட்டார்.

“சரியாயிடுமா அண்ணே? அதென்ன, துணியெல்லாம் செவப்பா இருக்கு?”

அவள் தரையைப் பார்த்தாள். பெயிண்டர் துணியை மினுக்கு உள்ளே போகும்படி நாலாக மடித்தார். அதை அவள் கையில் வைத்துவிட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைக்கத் திரும்பிக்கொண்டார்.